எல்லாக் கிரேனையும் ஏன் நிறுத்தச் சொன்னேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, பிரஷர் மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கிட்டு நடமாடிக்கிட்டுதான் இருக்கேன், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாம இருப்பீங்கன்னு நம்பி இதை ஆரம்பிக்கிறேன். உனக்கே ஒரு பிள்ளை பிறந்து அவன் பள்ளிக்கூடம் போறான், இன்னும் என்ன பாப்பான்னு மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும், இந்த வயசுல நான் புதுப் பேருக்கு எங்க போவேன். எதிர்வீட்டு நர்ஸ் தினம் ஒரு தடவை வந்து பிரஷர் பார்த்துட்டுப் போறாங்க, ரிட்டயர் ஆனதிலிருந்து அவங்களுக்கு ஆள் கிடைக்கல, நான் மாட்டிக்கிட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுது, பிளம்பர் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டே இருக்கான், அடியில ஒரு வாளி வச்சிருக்கேன். பின்பக்க ரூம்ல அப்பா சட்டையெல்லாம் அப்படியேதான் தொங்குது, எடுக்கணும்னு போவேன், கதவைத் திறப்பேன், எதுக்கு வந்தோம்னு மறந்து திரும்பிடுவேன்.

போன்ல நீ கோபமா கேட்டே, ஏம்மா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம இப்படிப் பண்ணினீங்க, அவர் எவ்வளவு அலைஞ்சு நம்ம கிரேன் கம்பெனியை வாங்கிக்க அந்தப் பெரிய கம்பெனியைக் கூட்டிக்கிட்டு வந்தார், இப்ப அவருக்கு எவ்வளவு தலைகுனிவுன்னு. நான் சரி சரின்னு சொல்லி வச்சுட்டேன். எனக்கு போன்ல வார்த்தை வர்றதில்ல பாப்பா. அப்பா போனதிலிருந்தே அப்படித்தான். நீ அந்தப் பக்கம் அழுவே, நான் இந்தப் பக்கம் போனைக் காதுல வச்சுக்கிட்டுச் சுவத்துல பெயிண்ட் உரிஞ்சு போன இடத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். கல்நெஞ்சுன்னு நினைச்சுக்காதே. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி இருக்கு, கிள்ளினாலும் தெரியறதில்ல. அதனால எழுதுறேன். எழுதும்போது யாரும் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க, மெதுவா சொல்லிக்கலாம். நீ ஹாஸ்டலுக்குப் போனப்புறம்தான் கம்பெனி பெரிசாச்சு, அதனால உனக்குப் பாதிதான் தெரியும், நான் முதல்லேர்ந்து சொல்றேன், தெரிஞ்ச இடம் வந்தா தாண்டிப் போயிடு.

அப்பா அப்ப ஒரு ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். கட்டடம் கட்டுற இடத்துல செங்கல்லும் கலவையும் மேல ஏத்த விஞ்ச்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, ஒரு மோட்டார், ஒரு உருளை, அதுல சுத்துற கம்பிவடம், அவ்வளவுதான். அது நின்னு போனா ரிப்பேர் பண்ணப் போறது அப்பா வேலை. ஒரு கான்ட்ராக்டர் இடத்துல வாராவாரம் நின்னு போச்சு. ஒருநாள் அவர் அப்பாகிட்ட, யோவ் உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலிச்சுப் போச்சு, உடையாததா ஒண்ணு நீயே செஞ்சு குடு, அப்புறம் நீ இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னாராம். கிண்டலுக்குத்தான் சொன்னார். உங்கப்பாவுக்குக் கிண்டல் எது நிஜம் எதுன்னு என்னைக்குத் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல, சுவத்துல கரித்துண்டால கிறுக்கிக்கிட்டு இருந்தார். பக்கத்துப் போர்ஷன்ல பாலம் கட்டுற ஆபீஸ்ல படம் வரையிறவர் குடியிருந்தார், அவர் சுவத்தைப் பார்த்துட்டு, அண்ணே இந்தக் கோடு நேரா இல்லையேன்னு சொல்லி ஒரு பேப்பரை எடுத்துட்டு வந்தார். அப்ப உட்கார்ந்தவர்தான், நம்ம கம்பெனியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. நீ பேச ஆரம்பிச்சதும் அவருக்குக் கோட்டுச் சித்தப்பான்னு பேர் வச்சே, இப்ப வாட்ச்மேன் வரைக்கும் அதுதான் பேர்.

ஐஸ் பேக்டரிக்குப் பின்னாடி ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாங்க. உடைச்ச கப்பல்ல இருந்து ஒரு மோட்டார் வாங்கிட்டு வந்தாங்க, உப்பு ஏறிக் கிடந்துச்சு, அதைப் பிரிச்சுக் கழுவினது நான்தான். செஞ்சு முடிச்சாச்சு, எவ்வளவு எடை தூக்கும்னு சோதிச்சுப் பார்க்கணும், அதுக்குத் தெரிஞ்ச எடை வேணும், எங்ககிட்ட ஏது. கோட்டுச் சித்தப்பாதான் சொன்னார், அண்ணே ஐஸ் பாளம் எல்லாம் ஒரே அச்சுல வருது, ஒண்ணோட எடை தெரிஞ்சா போதுமேன்னு. பேக்டரிக்காரர்கிட்டக் கெஞ்சி பாளம் பாளமா அடுக்கிக் கட்டித் தூக்கி நிறுத்தினாங்க. கொஞ்ச நேரம் அந்தரத்துல நிக்கணும், அப்பதான் பிரேக் பிடிக்குதான்னு தெரியும். நல்ல வெயில். ஐஸ் சொட்ட ஆரம்பிச்சுது. சித்தப்பா, அண்ணே எடை உருகுது, பரீட்சை நடக்க நடக்கக் கேள்வி சுலபமாயிக்கிட்டே போகுதுன்னு கத்துறார். அப்பா அசரல, இறக்கி இன்னும் ரெண்டு பாளம் ஏத்துன்னார். ஏத்த ஏத்த உருக, உருக உருக ஏத்த, பேக்டரிக்காரர் தலையில கை வச்சுக்கிட்டார். வடம் தாங்குச்சு, பிரேக் பிடிச்சுது. கீழ இறக்கினப்புறம் மிச்சத்தை உடைச்சு எல்லாரும் வாயில போட்டுக்கிட்டோம், அன்னிக்கு எங்க தெருவுல பாதிப் பேர் கையில ஐஸ்கட்டி. அந்த விஞ்சை அதே கான்ட்ராக்டர்தான் எடுத்துக்கிட்டார். ஆளையே காணோம், அப்பாவுக்குப் பயம். ரொம்ப நாள் கழிச்சு அவரே கொட்டகைக்கு வந்தார், என்ன சார் ரிப்பேரான்னு அப்பா கேட்டதுக்கு, ஏன்யா உடையல, அதைக் கேக்கத்தான் வந்தேன், இன்னும் ரெண்டு குடுன்னார்.

விஞ்ச் நேரா மேலயும் கீழயும்தான் போகும். கட்டடம் அகலமாக ஆக அங்க இங்க திரும்பிப் போடுற கிரேன் வேணும்னு கேட்டாங்க. வெளிநாட்டுக் கிரேன் ஒண்ணு ஊர்ல பெரிய ஓட்டல் கட்டுற இடத்துல நின்னுச்சு. அப்பாவும் சித்தப்பாவும் ஞாயித்துக்கிழமையானா எதிர் டீக்கடையில போய் உட்கார்ந்துக்கிட்டு அண்ணாந்து பார்ப்பாங்க. ஞாயித்துக்கிழமை வேலை கிடையாது, ஆனா அதோட கை தானா மெதுவாத் திரும்பும், ஏன்னா காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பிக்கிற மாதிரி பிரேக்கை அவுத்து விட்டுட்டுப் போவாங்க, பூட்டி வச்சா காத்து தள்ளிச் சாய்ச்சிடும். நீ சின்ன வயசுல கேப்பியே, யாரும் இல்லாம எப்படிம்மா சுத்துதுன்னு, இதான் விஷயம். ரெண்டு பேரும் வாராவாரம் வந்து உட்கார்றதைப் பார்த்துட்டு அந்த ஓட்டல் வாட்ச்மேன் போலீஸுக்குச் சொல்லிட்டான், ஸ்டேஷன்ல உட்கார வச்சுட்டாங்க, நான் போய்த்தான் கூட்டிட்டு வந்தேன். கிரேன் பார்த்தோம்னா யார் நம்புவாங்க.

முதல் டவர் கிரேன் நிக்கிறதுக்குள்ள நீ பிறந்து நடக்க ஆரம்பிச்சுட்டே. அதுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது வேடிக்கை ஆயிடுச்சு. ஊர்ல உலகத்துல கிரேன்னா மஞ்சள். பெயிண்ட் கடைக்காரர்கிட்ட யாரோ பஸ் கம்பெனிக்காரன் சொல்லிட்டு வாங்காமப் போன பச்சை கிடந்துச்சு, டப்பா டப்பாவா, சும்மா எடுத்துட்டுப் போங்கன்னு குடுத்துட்டார். அடிச்சு நிறுத்தினா தூரத்துல இருந்து பார்க்கப் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. கிளி வந்து கூடு கட்டப் போகுது அண்ணேன்னு சித்தப்பா சொன்னார். அப்பாவுக்கு ரோஷம் வந்துடுச்சு, இனிமே எல்லாமே பச்சைதான்னுட்டார். அப்படித்தான் பச்சைக் கிரேன் கம்பெனின்னு பேர் வந்துச்சு, போர்டுல எழுதின பேரு இன்னைக்கு யாருக்கும் தெரியாது. பஸ்ஸுல போகும்போது நீ ஜன்னல்ல தொங்கிக்கிட்டு அப்பா கிரேன் அப்பா கிரேன்னு கத்துவே, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க உங்கப்பா கிரேன் ஓட்டுறாராம்மான்னு கேப்பாங்க.

அப்ப ஸ்டோர் ரூம் என் பொறுப்பு. நட்டு, போல்ட்டு, வாஷர், எது வந்தாலும் என் கை பட்டுத்தான் உள்ள போகும். போல்ட்டை எடுத்துக் கல்லுல தட்டிச் சத்தம் கேப்பேன், தலையில அடிச்சிருக்கிற நம்பர் மழுங்கியிருந்தா திருப்பி அனுப்பிடுவேன், சப்ளையர்லாம் என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்குவாங்க. ஊருக்கு வெளிய இடம் வாங்கி, தரையில தண்டவாளம் போட்ட பெரிய ஷெட்டு கட்டினப்புறம் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஸ்டோர் கீப்பர் வந்தார். நான் வீட்டோட இருந்துட்டேன், எனக்கும் முட்டி வலி. நடுவுல கட்டட வேலையே நின்னு போன காலம் ஒண்ணு வந்துச்சு, செஞ்சு வச்ச கிரேன் எல்லாம் யார்டுல படுத்துக் கிடந்துச்சு, ஒட்டகச்சிவிங்கிக்கு வியாதி வந்த மாதிரி. விக்க முடியலன்னா வாடகைக்கு விடுவோம், அவங்களே ஏன் ஆள் தேடணும், ஓட்டுற ஆளையும் நாமே அனுப்புவோம்னு அப்பா சொன்னது அப்பதான். அதுதான் நம்மளைத் தூக்கி விட்டுச்சு. மறுபடி ஊர் எல்லாம் கட்ட ஆரம்பிச்சப்ப நம்ம கிரேன் தயாரா நின்னுச்சு. அப்புறம் மடமடன்னு வளர்ந்துச்சு, வேற ஊர், வேற நாடு, நீ வேலைக்குப் போன ஊர்ல கூட ரெண்டு நிக்குதுன்னு போட்டோ எடுத்து அனுப்பினியே. வளர வளர எல்லாத்தையும் நாமளே செய்ய முடியல, இது ஒருத்தன்கிட்ட அது ஒருத்தன்கிட்டன்னு வெளிய வாங்க ஆரம்பிச்சாங்க. அது தப்புன்னு நான் சொல்லல. முடியாதுதான்.

அப்பா போன அன்னிக்கு நடந்தது உனக்கு யாரும் ஒழுங்காச் சொல்லல, நீ வந்தப்ப வீடு நிறையக் கூட்டம். அடுக்கு மாடி வீடு கட்டுற ஒரு இடத்துல நம்ம கிரேன் நின்னுக்கிட்டு இருந்துச்சு, அதை ஓட்டுற ஆபரேட்டர் போன் பண்ணி, சார் கை திரும்பும்போது கிணுக்குன்னு ஒரு சத்தம் வருதுன்னு சொன்னான். ஒரு மெக்கானிக்கை அனுப்பியிருக்கலாம். டாக்டர் மாடிப்படியே ஏறாதீங்கன்னு சொல்லியிருந்தார். உங்கப்பா போய் ஏணியில உச்சி வரைக்கும் ஏறினார். பார்த்தார், இறங்கினார், அடியில பாரத்துக்கு வச்சிருக்கிற கான்கிரீட் கட்டை மேல உட்கார்ந்தார், தண்ணி கேட்டார், குடிச்சார். அவ்வளவுதான். எல்லாரும் என்கிட்ட ஏன் ஏறினார் ஏன் ஏறினார்னு கேட்டாங்க, எனக்கு எப்படித் தெரியும். நான் வந்தவங்களுக்கு நாற்காலி போட்டேன், காபி போட்டேன், யார் யாருக்குச் சர்க்கரை கூடாதுன்னு கூட நினைவு இருந்துச்சு. நீ என்னைக் கட்டிக்கிட்டு அழுதே, உன் தோள்ல பிள்ளை வர்ற வழியில வாந்தி எடுத்த கறை இருந்துச்சு, அதைத் துடைக்கணும்னு தோணிச்சு, வேற எதுவும் தோணல.

அதுக்கப்புறம்தான் விக்கிற பேச்சு. நீ வாங்கம்மா, எங்களோட வந்து இருங்கன்னு சொன்னது எனக்குப் புரியாம இல்ல. மாப்பிள்ளை நல்ல மனசோடதான் அந்தக் கம்பெனிக்காரங்களைப் பேசிக் கூட்டிட்டு வந்தார். கோட்டுச் சித்தப்பாவுக்கும் கண்ணு மங்கிடுச்சு, அண்ணி நீங்க என்ன சொல்றீங்களோ அதுன்னுட்டார். எனக்கு வேணும் வேணாம்னு எதுவும் இல்ல, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன். அவங்க ஆளுங்க வந்து ஷெட்டையெல்லாம் பார்த்துட்டுப் போனாங்க, கையெழுத்துக்கு நாள் குறிச்சாச்சு.

அதுக்கு முந்தின வாரம் காலையில பால் வாங்கிட்டு வந்தா அந்த ஆபரேட்டர் வாசல்ல நிக்கிறான். உள்ள வா தம்பின்னா வர மாட்டேன்றான், செருப்பைக் கழட்டிட்டு அங்கேயே நிக்கிறான். பாலை அடுப்புல ஏத்திட்டு வந்து என்ன விஷயம்னு கேட்டா, அம்மா எனக்கு வேலை போயிடுச்சுன்னான். அப்பா போன அன்னையிலிருந்து அவன் அந்தக் கிரேன்ல ஏறல. உடம்பு சரியில்லன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தான், கட்டடக்காரன் திட்டினான், நம்ம மேனேஜரும் திட்டினார், கடைசியில நீ வர வேணாம் வேற ஆளை ஏத்திக்கிறோம்னுட்டாங்க, நாளைக்கு வேற ஆள் ஏறப் போறான். ஏன் ஏறலன்னு கேட்டேன். அப்பதான் சொன்னான். கை சுத்துற இடத்துல ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும், அதைக் கிரேன் கோபுரத்தோட பிடிச்சு வைக்கிற போல்ட்டுங்களை அப்பா ஒவ்வொண்ணா சுத்தியால தட்டிக் கேட்டிருக்கார். சிலது மணி மாதிரி கேட்டுச்சு, சிலது செத்த சத்தம். இறங்கி வந்து உட்கார்ந்து, இதை இறக்கிடணும்யா, இந்த லாட்ல ஒண்ணா வந்து இறங்கின போல்ட்டு எங்கெங்க போயிருக்கோ எல்லாத்தையும் பார்க்கணும்னு சொல்லியிருக்கார். ஆபரேட்டர் இதை அன்னைக்கே நம்ம வீட்டு வாசல்ல வச்சு மேனேஜர்கிட்டச் சொல்லிட்டான், அவர் எல்லாம் முடியட்டும்னார், முடிஞ்சப்புறம் கேட்டதுக்கு விக்கிற நேரத்துல வாயைத் திறக்காதேன்னுட்டார்.

நான் அவன்கிட்ட, வேற ஏதாவது சொன்னாரா தம்பின்னு கேட்டேன். அவன் யோசிச்சான். இல்லம்மா, தண்ணி கேட்டார், அவ்வளவுதான்னான். அம்மாவைப் பார்த்துக்கோன்னு சொன்னார், பொண்ணு பேரைச் சொன்னார்னு அவன் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம் பாப்பா, நானும் நம்பிட்டு இருந்திருப்பேன். சொல்லல. அதனாலதான் அவன் சொன்ன மத்ததையும் நான் நம்பினேன். பாலை அடுப்புல வச்சுட்டு வந்த நினைவு அப்பதான் வந்துச்சு, பொங்கி ஊத்தி அணைஞ்சு கிடக்கு. அடுப்பைத் துடைச்சேன், புடவையை மாத்தினேன், அவனோட ஆட்டோவுல கம்பெனிக்குப் போனேன்.

அங்க என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்னாங்க. அப்பா நாற்காலியில உட்காருங்கன்னாங்க, நான் ஓரத்துல இருந்த ஸ்டூல்ல உட்கார்ந்தேன், அந்த நாற்காலி எனக்கு உசரம். மேனேஜர் நல்லவர்தான், நம்ம சோத்தைத் தின்னுட்டு துரோகம் பண்றவர் இல்ல. அவர் மெதுவா எடுத்துச் சொன்னார், அம்மா அந்தக் கிரேன் ஒண்ணைக் கமுக்கமா சரி பண்ணிடலாம், மத்த இடத்துலயெல்லாம் ஒரு சத்தமும் இல்ல, இப்ப எல்லாத்தையும் நிறுத்தினா ஊர் முழுக்கத் தெரியும், வாங்குறவங்க ஓடிடுவாங்க, கையெழுத்து ஆயிட்டா அப்புறம் அது அவங்க தலைவலி, அவங்ககிட்ட இஞ்சினியர் கூட்டமே இருக்கு பார்த்துக்குவாங்கன்னு. கோட்டுச் சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துப் போச்சு. அண்ணி, எத்தனை போல்ட்டு வேணும்னு கணக்குப் போட்டது நான், கணக்குல தப்பு இல்ல, என்னால சத்தியம் பண்ண முடியும், ஆனா இந்தப் போல்ட்டை நான் கையால தொட்டதில்லன்னார். ஒண்ணு எடுத்துட்டு வாங்கன்னேன். ஸ்டோர்ல அந்த லாட்ல மிச்சம் கிடந்ததுல ரெண்டைக் கொண்டு வந்தாங்க. கையில எடுத்துப் பார்த்தேன். எனக்கு அதுல ஒரு வித்தியாசமும் தெரியல பாப்பா, நல்ல போல்ட்டு மாதிரிதான் இருந்துச்சு. பழைய காலத்துல கண்டுபிடிச்சிருப்பேனான்னும் தெரியல. தட்டிப் பார்த்தேன், ஏதோ கேட்டுச்சு, நல்ல சத்தமா செத்த சத்தமான்னு பிரிச்சுச் சொல்ல என் காது சரியா இல்ல. சித்தப்பா இதை உடைச்சுப் பார்க்கிற இடத்துக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கிடலாம் அண்ணி, நிச்சயமானப்புறம் முடிவு பண்ணுவோம்னார். நீங்க நிச்சயம் பண்ணுங்க, அதுவரைக்கும் எல்லாம் நிக்கட்டும்னு சொன்னேன். எல்லாமான்னு கேட்டார். எல்லாம்னேன்.

இதை நீ பெரிய தைரியம்னு நினைச்சுக்காதே. அன்னிக்கு எனக்குப் பயம்னு ஒண்ணு இருந்திருந்தா உனக்கு ஒரு போன் போட்டிருப்பேன், மாப்பிள்ளையைக் கேட்டிருப்பேன், அவர் என்ன நினைப்பார்னு யோசிச்சிருப்பேன். எதுவும் வரல. ஒரு ஆபரேட்டர் நாளைக்கு ஏறப் போறான், அவன் ஏறக் கூடாது, அது மட்டும்தான் தெரிஞ்சுது. கேக்காதது தப்புதான்னு நீ சொன்னா நான் எதிர்த்துப் பேச மாட்டேன். மாப்பிள்ளைக்கு இதோட தனியா ரெண்டு வரி எழுதி வச்சிருக்கேன், குடுத்துடு.

மத்தியானத்துக்குள்ள ஊர்ல பச்சைக் கிரேன் ஒண்ணும் வேலை செய்யல. போன் மேல போன். ஒரு கட்டடக்காரர், கிழவிக்குப் புருஷன் போனதுல மூளை குழம்பிடுச்சா, கலவை கெட்டியாகுது யார் பதில் சொல்றதுன்னு கத்தினார், நான்தான் போனை எடுத்தேன்னு அவருக்குத் தெரியாது, நான் உம் உம்னு கேட்டுட்டு வச்சேன். வாங்க இருந்தவங்க மறுநாளே நாங்க அப்புறம் பேசறோம்னு சொல்லிட்டாங்க, அப்புறம் பேசவே இல்ல. ரிப்போர்ட் வந்துச்சு, அந்த லாட்ல சிலது உள்ளுக்குள்ளேயே கீறல் விட்டிருக்கு, இரும்பைப் பதப்படுத்தும்போது ஆனதாம், வெளிய பார்த்தா யாருக்கும் தெரியாதாம். நம்ம ஆளுங்க ஒவ்வொரு இடமாப் போய் பழசைக் கழட்டிப் புதுசு போட்டாங்க. முக்காவாசி இடத்துல ஒரு கோளாறும் இல்ல, அதைப் பார்த்துட்டுத் திட்டினவங்க இன்னும் திட்டினாங்க. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் நிக்கிற கிரேன்ல மட்டும் ஸ்பேனரை வச்ச உடனே ஒரு போல்ட்டுத் தலை கையோட வந்துடுச்சு, அப்புறம் இன்னொண்ணு. மேல ஏறின மெக்கானிக் ரெண்டையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டு இறங்கி வந்தானாம். அந்தக் கிரேனோட கை தினமும் பிரசவ வார்டு கூரைக்கு மேலதான் திரும்பும்.

மேனேஜர் அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நான் இருக்கட்டுமா போகட்டுமா அம்மான்னு கேட்டார். குழாய் ஒழுகுது, நல்ல பிளம்பர் யாராவது தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னார். அப்ப இருங்கன்னேன்.

அப்பா கடைசியா ஏறின கிரேன்ல பாதிக்கு மேல செத்த போல்ட்டு, அதனால அதை முழுசா இறக்கிடணும்னு ஆயிடுச்சு. நீங்க வர வேணாம்மான்னு எல்லாரும் சொன்னாங்க, போனேன். ஒரு பெரிய மொபைல் கிரேன் வந்து நின்னுச்சு, முதல்ல பின்பக்கத்துப் பாரம், அப்புறம் நீளக் கை, அப்புறம் ஆபரேட்டர் உட்கார்ற கேபின், ஒவ்வொண்ணா அவுத்து அவுத்து லாரியில ஏத்தினாங்க, நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். வேலை போன அந்த ஆபரேட்டரை மறுபடி சேர்த்தாச்சு, அவன்தான் கையைக் காட்டிக் காட்டி இறக்கச் சொல்றவன். கடைசியில அடியில இருந்த கான்கிரீட் கட்டைகள். இதுல எதுல அப்பா உட்கார்ந்தார்னு நான் கேக்கல, ஆனா ஒரு கட்டைகிட்டப் போனதும் எல்லாரும் ஓரக் கண்ணால என்னைப் பார்த்தாங்க, அதுலயே தெரிஞ்சு போச்சு. நான் அழுவேன்னு காத்துக்கிட்டு இருக்காங்க. நானும்தான் காத்துக்கிட்டு இருந்தேன். பெல்ட்டை மாட்டித் தூக்கினாங்க, கட்டை தரையை விட்டு ஒரு சாண் எழும்புச்சு, பார்த்தா ஒரு பக்கம் பெல்ட் முறுக்கிக்கிட்டு இருக்கு. எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்ததுல ஒருத்தனும் அதைப் பார்க்கல. டேய் பெல்ட்டைப் பாருங்கடா, முறுக்கியிருக்கு, இறக்குங்கன்னு கத்திட்டேன். அந்தத் தெருக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். இத்தனை மாசமா எனக்கே கேக்காம பேசிக்கிட்டு இருந்தவ, அது யார் குரல்னு ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகமாயிடுச்சு. இறக்கினாங்க, நேராக்கினாங்க, மறுபடி தூக்கினாங்க. கட்டை இருந்த இடத்துல புல்லு வெளுத்துப் போய் மண்ணு சதுரமா அமுங்கி இருந்துச்சு, பூச்சியெல்லாம் வெயிலைக் கண்டு நாலா பக்கமும் ஓடிச்சு.

அப்புறம் எனக்குப் பசிச்சுது பாப்பா. நிஜமான பசி. வீட்டுக்குப் போற வரைக்கும் தாங்காதுன்னு அந்த ஆபரேட்டர்கிட்ட, தம்பி உன் டப்பாவுல என்ன இருக்குன்னு கேட்டேன். அவன் பயந்துட்டான், ஆறிப் போச்சும்மான்னான். பரவாயில்ல குடுன்னு மூடியில வாங்கி, பச்சைக் கம்பிங்க மேல உட்கார்ந்து சாப்பிட்டேன், உப்பு கொஞ்சம் கூட. அவன் பெஞ்சாதி கை தாராளம் போல.

இப்ப யார்டு நிறையக் கிரேன் படுத்துக் கிடக்கு, பாதிக் கட்டடக்காரங்க இன்னும் கூப்பிடல, ஆஸ்பத்திரிக்காரங்க மட்டும் அதே இடத்துல நம்மகிட்டயே இன்னொண்ணு கேட்டிருக்காங்க. இப்போதைக்கு விக்கல. விக்க முடியாதுங்கிறதும் நிஜம், உன்கிட்ட எதுக்கு மறைக்கணும். நான் தினம் காலையில போய் ஸ்டோர்ல உட்கார்றேன், வர்றதை ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்கிறேன், காதுக்கு மிஷின் வச்சுக்கச் சொல்லி நர்ஸ் பிடிவாதம். அங்க வந்து உங்களோட இருக்கிறதை மட்டும் இப்ப கேக்காதே. குட்டிப் பயலுக்கு லீவு விட்டதும் கூட்டிக்கிட்டு வா, வந்து பத்து நாளாவது இரு. அப்பா சட்டையை நாம ரெண்டு பேருமா எடுத்து வைப்போம், தனியா எனக்கு ஆகல.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆபீஸ் கோபத்தைப் பிள்ளை மேல காட்டாதே, மாப்பிள்ளைகிட்ட வாக்குவாதம் பண்ணாதே, அவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. உங்க வீட்டு மாடி பால்கனிக் கம்பி ஆடுதுன்னு போன தடவை சொன்னே, அதை இன்னைக்கே ஆள் வச்சுச் சரி பண்ணு, நாளைக்குன்னு தள்ளாதே, அது வரைக்கும் பிள்ளையை அந்தப் பக்கம் விடாதே. மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா நூறு வயசு நல்லா இருங்க, உங்க வீட்டு அடுப்பும் சிரிப்பும் அணையாம இருக்கட்டும்.

உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கிற,
அம்மா

பின்குறிப்பு: பிளம்பர் வந்துட்டான். வாளியை எடுத்தாச்சு.